மின்விசிறியும் 120 டெசிபலும்: மலிவு ஆடியோ இன்டர்ஃபேஸ் விமர்சனங்கள் பற்றி ஒரு குறிப்பு

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கம்மி விலையில எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?" கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்களில்தான் எனக்குக் குறை தெரிகிறது. இந்தப் பெட்டிகளைப் பற்றிய விமர்சனங்களையும், கம்பெனிகள் வெளியிடும் விவரக்குறிப்புத் தாள்களையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை மூன்று எண்களை வைத்தே பெட்டிகளை வரிசைப்படுத்துகின்றன: எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை டெசிபல் டைனமிக் ரேஞ்ச்.

அந்த மூன்று எண்களும் பொய் இல்லை. ஆனால் நம் வீட்டு அறையில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. வேலை இருக்கிற எண்கள் வேறு சில உண்டு. அவற்றை விமர்சனங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. இதற்கு விலை கொடுப்பவர், பாட்டு ட்யூஷன் காசிலோ முதல் சம்பளத்திலோ மிச்சம் பிடித்துப் பெட்டி வாங்குகிறவர்.

பெட்டி செய்யும் வேலை

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக. மைக் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெரிதாக்குவது ப்ரீஆம்ப். பெரிதானதை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்ணாக மாற்றுவது கன்வெர்ட்டர். அந்த எண்களை யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கு அனுப்ப ஒரு டிரைவர் வேண்டும். திரும்பி வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தர ஒரு ஆம்ப் வேண்டும். ஆக நான்கு வேலைகள். விமர்சனங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது வேலையைப் பற்றியே பேசுகின்றன. விசித்திரம் என்னவென்றால், இன்றைய மலிவுப் பெட்டிகளில் நன்றாகத் தீர்ந்துவிட்ட பிரச்சினை அந்த இரண்டாவதுதான்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்

மனிதக் காது கேட்கும் உச்சம் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளந்தால் போதும். 1982-ல் வந்த சிடி 44.1 கிலோஹெர்ட்ஸில் நின்றதற்கு இதுதான் காரணம். 48 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் 24 வரை பிடிக்கலாம். 192-ல் அளந்தால் 96 வரை பிடிக்கலாம்; வௌவால் கேட்கும், நாம் கேட்க மாட்டோம். ஒலியின் வேகத்தைக் குறைத்து விளையாடும் சவுண்ட் டிசைனர்களுக்கு அது உதவும். பாட்டுப் பதிவுக்கு நடக்கிற ஒரே மாற்றம், ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு 17 எம்பியிலிருந்து 69 எம்பியாக வீங்குவது.

பிட் கணக்கும் அப்படியே. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். 16 பிட் என்றால் 96; 24 பிட் என்றால் 144. அந்த 144-ஐ எட்டும் மின்சுற்று இந்த விலையில் கிடையாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் நான்காம் தலைமுறையும் (2023) மோட்டு எம்2-வும் 120 டெசிபல் என்று விளம்பரப்படுத்துகின்றன. அது 20 பிட்டுக்குச் சமம். மிகச் சிறப்பான எண்தான். 24 பிட்டில் பதிவதால் உண்மையான நன்மை ஒன்று உண்டு: அளவைத் தாழ்வாக வைத்து, உச்சஸ்தாயியில் வெடிக்குமோ என்ற பயமில்லாமல் பாடலாம். அந்த நன்மை எந்த 24 பிட் பெட்டியிலும் கிடைக்கும். 111-க்கும் 120-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை நம் வீட்டில் காதால் கேட்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு

ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலை, மைக் நுழையும் வாசலுக்குக் கணக்கிட்டுச் சொல்லும் எண் ஒன்று உண்டு. இ.ஐ.என். என்பார்கள். மேலே சொன்ன ஸ்கார்லெட்டுக்கு அது -127 டிபியூ, மோட்டுவுக்கு -129. விமர்சனங்களில் இந்த 2 டெசிபலுக்குப் பத்தி பத்தியாகச் சண்டை நடக்கும். இதில் இயற்பியலே போட்ட ஒரு வேலி உண்டு. 150 ஓம் மின்தடை சும்மா இருந்தாலே, அறை வெப்பத்தில் அதற்குள் எலக்ட்ரான்கள் அலைவதால் ஏறக்குறைய -131 டிபியூ இரைச்சல் வரும். ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-ல் வெளியான விஷயம் இது. எந்தக் கம்பெனியும் இந்த வேலியைத் தாண்ட முடியாது. மலிவுப் பெட்டிகள் ஏற்கெனவே வேலிக்கு அருகில்தான் நிற்கின்றன.

இப்போது -127 என்பது நம் அறையில் எவ்வளவு சத்தத்துக்குச் சமம் என்று பார்ப்போம். வீட்டுப் பதிவுக்குப் பலர் வாங்கும் ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக்கை எடுத்துக்கொள்வோம். 94 டெசிபல் ஒலி அதன் மேல் பட்டால் -37 டிபிவி தரும். -127 டிபியூ என்பது ஏறக்குறைய -129 டிபிவி. இரண்டுக்கும் இடைவெளி 92. 94-இல் 92 போனால் மிச்சம் 2. அதாவது இன்டர்ஃபேஸின் இரைச்சல், அந்த மைக்குக்கு முன்னால் 2 டெசிபல் சத்தம் இருப்பதற்குச் சமம்.

அதே மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல் என்று அதன் தாளே சொல்கிறது. நம் அறை? சீலிங் ஃபேன் ஓடுகிற, ஜன்னலுக்கு வெளியே தெரு இருக்கிற அறையில் 40 டெசிபல் என்று வைத்தால் அது தாராளமான சலுகை. மூன்றையும் கூட்டுவோம். டெசிபலை நேரடியாகக் கூட்டக் கூடாது, சக்தியாக மாற்றிக் கூட்ட வேண்டும், கூட்டினால் 40.04 வருகிறது. இப்போது இன்டர்ஃபேஸை எடுத்துவிட்டு, இரைச்சலே இல்லாத ஒரு கற்பனைப் பெட்டியை வையுங்கள். விடை அதே 40.04. வித்தியாசம் டெசிபலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இது ஆய்வகக் கணக்கு அல்ல. எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சில டெசிபல் முன்பின் ஆகலாம். 2 என்பது 8 ஆனாலும் முடிவு மாறாது. ஃபேன் ஓடும்வரை எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கணக்கு எங்கே புரளும்

நேர்மையாக எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மைக் மாறினால் கணக்கும் மாறும். பாட்காஸ்ட் படங்களில் எல்லார் வாய்க்கு முன்னாலும் இருக்கிற ஷூர் எஸ்எம்7பி ஒரு டைனமிக் மைக். அதன் உணர்திறன் -59 டிபிவி. அதே கணக்கைப் போட்டால் இன்டர்ஃபேஸின் இரைச்சல் 24 டெசிபலுக்குச் சமமாகிறது. ஃபேன் ஓடினால் இதுவும் மூழ்கிப் போகும். ஆனால் நடுராத்திரி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அறையை 25 டெசிபலுக்கு இறக்கிவிட்டால் அறையும் பெட்டியும் சரிசமமாக நிற்கும். மொத்த இரைச்சல் இரண்டரை டெசிபல் ஏறும். மெதுவாக வாசிக்கிற வீணையை அப்படிப் பதிவு செய்தால் பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் காதில் விழக்கூடும்.

அதைவிட முக்கியமான விஷயம், பெட்டி எவ்வளவு பெரிதாக்கும் என்பது. எஸ்எம்7பி-க்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும் என்று ஷூர் கம்பெனியே சொல்கிறது. ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறையில் கிடைத்தது 56. நான்காம் தலைமுறையில் 69. ஆனால் அதே நான்காம் தலைமுறையின் தம்பி, ஸ்கார்லெட் சோலோவில் 57 மட்டுமே. ஒரே குடும்பப் பெயர், ஒரே சிவப்பு நிறம்; 12 டெசிபல் வித்தியாசம், அதாவது மின்னழுத்தத்தில் நான்கு மடங்கு. 120 டெசிபலைத் தலைப்பில் போடுகிற விமர்சனம் இந்த 57-ஐத் தலைப்பில் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்குக் காசு மிச்சமாகியிருக்கும். குறைவான பெருக்கத்தைச் சமாளிக்கப் பிறகு தனியாக ஒரு பூஸ்டர் வாங்க வேண்டிவரும். அது ஒன்றும் மலிவு இல்லை.

மறு முனையையும் பாருங்கள். நாதஸ்வரமோ தவிலோ பதிய வேண்டும் என்றால் பிரச்சினை தலைகீழ். 120 டெசிபல் ஒலி ஏடி2020 மேல் பட்டால் ஏறக்குறைய -9 டிபியூ வரும். பக்கத்தில் வைத்த தவிலின் அடி 130-ஐத் தொட்டால் +1 டிபியூ. பெருக்கத்தை முழுக்கக் குறைத்த பிறகும் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று தாளில் ஓர் எண் இருக்கும்: அதிகபட்ச மைக் உள்ளீட்டு அளவு. அது 0 டிபியூ பக்கம் இருந்தால் தவில் வாசிக்கும்போது பதிவு வெடித்துவிடும். அப்படி வெடித்ததை எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. இந்த எண்ணைப் பெயருக்காவது குறிப்பிட்ட விமர்சனங்களை விரல் விட்டு எண்ணலாம்.

அட்டையில் இருக்கும் "2"

மலிவுப் பெட்டிகளின் அட்டையில் "2x2" என்றோ "2 இன், 2 அவுட்" என்றோ இருக்கும். பெஹ்ரிங்கர் யூஎம்2, அதே கம்பெனியின் யூஎம்சி22, ஸ்கார்லெட் சோலோ எல்லாவற்றிலும் இதே கதைதான். எண் தப்பில்லை, இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆனால் மைக் போடும் வழி ஒன்றே ஒன்று. இன்னொன்று கிடார் போன்ற கருவியை நேராகச் செருகுவதற்கு.

கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு இது அழகாகப் பொருந்தும். நம் ஊரில் நிலைமை வேறு. பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு மைக் வேண்டும். வயலினும் சேர்ந்தால் மூன்று. பிக்கப் இல்லாத வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் இரண்டு. தனித்தனியாகப் பதிந்து ஒட்டிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். சினிமாப் பாட்டுக்குச் சரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கோர்வைக்கு நிமிர்ந்து தலையசைத்துப் பாடுகிற கச்சேரி முறைக்கு அது ஒத்துவராது. மிருதங்கக்காரர் வருவார் என்றால் மைக் வாசல் இரண்டு இல்லாத பெட்டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, பெஹ்ரிங்கர் யூஎம்சி202ஹெச்டி மூன்றிலும் இரண்டு உண்டு. இந்த ஒரு கேள்வி, டைனமிக் ரேஞ்ச் அட்டவணையை விடச் சீக்கிரமாகவும் சரியாகவும் பட்டியலைச் சுருக்கிவிடும்.

தாமதமும் தாளமும்

லேப்டாப் வழியாகப் போய்த் திரும்பும் குரல் ஹெட்போனில் கொஞ்சம் பிந்தித்தான் விழும். பஃபர் 128 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடி. 1024 என்றால் 21. போய்வர 40-க்கு மேல். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற நடையில் ஓர் அட்சரத்துக்கு எட்டுச் சொல் வாசித்தால், சொல்லுக்குச் சொல் இடைவெளி 94 மில்லிநொடிதான். அதில் 40 போனால் பாதியைத் தாமதமே தின்றுவிடும். அப்படி ஒரு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு யாரும் தாளத்தில் நிற்க முடியாது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று டைரக்ட் மானிட்டரிங்: குரல் லேப்டாப்புக்குப் போகாமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்கு வரும். தாமதம் இருக்காது, ஆனால் ரிவெர்ப் இல்லாத வறண்ட குரலாக இருக்கும். சிலருக்கு அதைக் கேட்டுக்கொண்டு பாட வராது. இந்த வசதி சில பெட்டிகளில் வெறும் ஆன்-ஆஃப் பொத்தான். சிலவற்றில் குரலுக்கும் சுருதிக்கும் விகிதம் மாற்றும் திருகு. பாடுகிறவருக்கு இந்தத் திருகு பெரிய விஷயம். சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிட்டால் அது மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்க முடியாது. எனவே சுருதி ஹெட்போனில்தான் வர வேண்டும். எவ்வளவு வர வேண்டும் என்பதைப் பாடுகிறவர் கையால் திருகித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி நல்ல டிரைவர். விண்டோஸில் ஆசியோ என்ற முறை வேண்டும். சில மிக மலிவான பெட்டிகளுக்குச் சொந்த ஆசியோ டிரைவர் கிடையாது. ஆசியோ4ஆல் என்ற பொது மென்பொருளை வைத்து ஓட்ட வேண்டும். அது ஓடும், சிலரது லேப்டாப்பில் முரண்டும் பிடிக்கும். டிரைவர் விஷயம் விமர்சனத்தில் ஒரு வரிதான் வரும், ஏனென்றால் பெட்டி வந்த முதல் வாரத்தில் எல்லா டிரைவரும் நன்றாகத்தான் ஓடும். ஐந்து வருடம் கழித்து, புதிய விண்டோஸில் ஓடுமா என்பதுதான் கேள்வி. ஃபயர்வயர் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் மின்சுற்று இன்றும் நன்றாக இருக்கிறது; செருகுவதற்குத்தான் லேப்டாப்பில் துளை இல்லை. டிரைவரே இல்லாமல் மேக்கிலும் ஐபேடிலும் லினக்ஸிலும் ஓடுகிற, கிளாஸ் கம்ப்ளையன்ட் வகைப் பெட்டிக்கு ஆயுள் கூடுதல். நல்ல விமர்சனம் என்றால் அதே பெட்டியை மூன்று வருடம் கழித்து மறுபடி எழுத வேண்டும். அப்படி எழுதுபவர்கள் அபூர்வம்.

யாருடைய அறை?

இந்த விமர்சனங்களின் அடிப்படைக் கோளாறு அறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விமர்சகர் உட்கார்ந்திருக்கும் அறையில் சுவரெல்லாம் ஒலி உறிஞ்சும் பலகை, ஃபேன் இல்லை, முன்னால் விலையுயர்ந்த மைக். அங்கே 2 டெசிபல் வித்தியாசம் காதில் விழலாம். படிக்கிறவரின் அறையில் மொசைக் தரை, கான்கிரீட் கூரை, ஸ்டீல் பீரோ, பக்கத்து வீட்டு மிக்ஸி. அந்த அறையிலிருந்து வரும் எதிரொலியும் இரைச்சலும் பதிவில் கேட்கும்போது அவர் என்ன நினைப்பார்? "நம்ம பெட்டி சரியில்ல போல" என்றுதான். அடுத்த பெட்டி வாங்குவார். அதிலும் அதே சத்தம். பிறகு மைக்கை மாற்றுவார். கடைசியில் "நம்ம குரலே மைக்குக்குச் சரிப்படாது" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. காசு போவதைவிட எனக்கு வருத்தம் தருவது இதுதான். ஃபேன் போட்ட சத்தத்துக்குக் குரல் பழி சுமக்கிறது.

அதே காசுக்கு, சில சமயம் காசே இல்லாமலும், நடக்கக்கூடிய மாற்றங்கள் உண்டு. எதிரொலி அதிகம் இல்லாத இடத்தில் மைக்கை 30 சென்டிமீட்டரிலிருந்து 15-க்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் ஏறும். அறைச் சத்தம் அப்படியே நிற்கும். எந்த அடுத்த மாடல் பெட்டியும் இதைத் தராது. பாடுகிறவருக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி கணிசமாக அடங்கும். 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு பெரும்பாலும் சார்ஜரிலோ எர்த்திலோ, பெட்டியில் இல்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி ஓட்டும் வீடுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆக, என்னிடம் யாராவது கேட்டால் பெட்டியின் பெயரைச் சொல்வதற்கு முன் நான்கு கேள்வி திருப்பிக் கேட்பேன். ஒரே நேரத்தில் எத்தனை மைக்? கண்டென்சரா, டைனமிக்கா? பதியப்போகும் ஒலி மெல்லியதா, தவில் மாதிரி பெரியதா? லேப்டாப் விண்டோஸா, மேக்கா? தனியாகப் பாடி, கண்டென்சர் மைக் வைத்து, விண்டோஸில் பதிபவருக்கு ஒரு மைக் வாசலும் சொந்த ஆசியோ டிரைவரும் உள்ள மலிவான பெட்டியே போதும். மிச்சக் காசில் மைக் ஸ்டாண்டும் மூடிய வகை ஹெட்போனும் வாங்கலாம். மிருதங்கம் சேரும் என்றால் இரண்டு மைக் வாசல். டைனமிக் மைக் என்றால் 60 டெசிபலுக்குக் குறையாத பெருக்கம். ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுப்பவருக்கு, லேப்டாப்பில் ஓடும் ஒலியையும் குரலையும் சேர்த்து அனுப்பும் லூப்பேக் வசதி. மோட்டு எம்2-விலும் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறையிலும் அது உண்டு.

ஏற்கெனவே ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள் புதியது வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வழக்கமாகப் பாடும் அளவில் திருகை வைத்து, எதுவும் பேசாமல் முப்பது நொடி பதியுங்கள். அடுத்து, திருகைத் தொடாமல் ஃபேனை மட்டும் நிறுத்தி முப்பது நொடி. கடைசியாக மைக்கைக் கழற்றிவிட்டு முப்பது நொடி. கண்டென்சர் என்றால் முதலில் பெட்டியின் 48 வோல்ட் பொத்தானை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். வெறும் வாசலின் இரைச்சல் மைக் செருகியபோது இருப்பதைவிடச் சற்று மாறலாம், ஆனாலும் ஒப்பிடப் போதும். மூன்றையும் அடுத்தடுத்து ஹெட்போனில் கேளுங்கள். மூன்றாவது பதிவு மற்ற இரண்டை விடத் தெளிவாக அமைதியாக இருந்தால், உங்கள் பெட்டியில் குறை இல்லை. காசை அறைக்குச் செலவழியுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி இரைந்தால் மட்டும் கடைக்குப் போகலாம். போகும்போது 192-ஐ விட்டுவிட்டு, பெருக்கம் எவ்வளவு என்று கேளுங்கள்.